ஆள் வந்திருக்கிறது

மண்டல அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட் நாற்காலி ஒருமுறை நாற்பத்தேழு நாள் காலியாகக் கிடந்தது. மாற்றலாகிப் போனவருக்குப் பதில் ஒருவர் வந்து சேரும்வரை, ஹெட் கிளார்க் ராமபத்ரனை அதில் உட்காரச் சொன்னார்கள். நாற்பத்தெட்டாவது நாள் எழுந்துகொண்டார். எழுந்தது உடம்பு மட்டும்தான். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் வாசல் பலகையில், லெட்டர் பேடில், சமையல் கேஸ் புத்தகத்தின் அட்டையில்கூட அவர் 'ஓய்வு பெற்ற சூப்பரின்டென்டென்ட்'.

அவருடைய அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து முனிசிபாலிட்டி குப்பை வண்டி தள்ளியவர். மகன் அதே முனிசிபாலிட்டியில் ஃபைல் தள்ளினார். யாராவது கேட்டால், "அப்பாவும் முனிசிபல் சர்வீஸ்தான்" என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்வார்.

மனைவி ஸ்வர்ணலதா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகள் கங்கா மஸ்கட்டில் நர்ஸ். ஞாயிறுதோறும் போன் செய்வாள். இரண்டாயிரத்து நாலு மார்ச்சில் ஒரு ஞாயிறு, "அப்பா, இங்க மலையாளம் சேனல்ல தினம் கள்ளன் நியூஸ்தான். தனியா இருக்கிற வயசானவங்களைப் பார்த்துத்தான் வீட்டுக்குள்ள கேறுறானாம். ஒரு அலாரம் வச்சிரலாம்" என்றாள்.

'வயசானவங்க' என்ற சொல் ராமபத்ரனுக்கு ரசிக்கவில்லை. ஆனால் கொச்சங்காடியில் மிளகு மொத்த வியாபாரியின் வீட்டுச் சுவரில், சிவப்பு விளக்கு மினுங்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பார்த்திருந்தார். அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அது ரசித்தது.

எர்ணாகுளம் பிராட்வேயில் கடை வைத்திருக்கும் பிஜு ஒரு புதன்கிழமை அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினான். நாற்பது வயசிருக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சாமான் விற்று விற்றுப் படிந்த தமிழ்.

"எல்லாம் ஒயர்லெஸ் சாரே. சுவர்ல ஒரு ஓட்டை போட வேண்டாம்."

"ஒயரே இல்லாம ஒண்ணுக்கொண்ணு எப்படிப் பேசிக்கும்?"

"காத்துல பேசிக்கும். இது அடிச்சா அது கேக்கும்."

வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் காந்தத் துண்டுகளை ஒட்டினான். கூடத்து மூலையில், மேலே, ஆள் நடமாட்டம் பார்க்கும் கண் ஒன்றைப் பொருத்தினான். சாவிக்கொத்து மாதிரி ஒரு ரிமோட்டைக் கையில் கொடுத்தான். பிறகு இடுப்பில் கை வைத்து நின்று, வீட்டை ஒரு சுற்று பார்த்தான்.

"சாமான் எங்க சாரே?"

"என்ன சாமான்?"

"இல்ல, காவல் வைக்கிற சாமான். அந்தப் பக்கமா கண்ணைத் திருப்பி வைக்கலாம்னு."

ராமபத்ரன் யோசித்தார். லதாவின் நகை கங்காவிடம் போய்விட்டது. டிவி இருந்தது, அதைத் தட்டினால்தான் படம் வரும். கடைசியில் இரும்பு பீரோவைக் காட்டினார். "முக்கியமான ரெக்கார்ட்ஸ்" என்றார். உள்ளே எட்டு வருஷமாக அவர் எழுதிய மனுக்களின் நகல்கள் தேதிவாரியாக இருந்தன. அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு மேல் மைக் செட் அலறுவது குறித்து மூன்று. எதிர்வீட்டு விபின் சந்தில் ஆட்டோவை நிறுத்தி வழியை அடைப்பது குறித்து இரண்டு. அதன் பலனாக விபின் இப்போது ஆட்டோவை முக்கில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறான். இவர் கேட்டருகே நின்றால் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறான்.

"சைரன் கட்டாயம் வைக்கணும் சாரே. நூறு வீட்டுக்குக் கேக்கும்" என்றான் பிஜு.

மைக் செட்டுக்கு எதிராக மூன்று மனு போட்டவர் வீட்டில் சைரன் அலறினால் நான்காவது மனுவை ஊர் எழுதும். "சத்தம் வேண்டாம். மரியாதையா இருக்கட்டும்" என்றார்.

"அப்ப போன் மட்டும். கதவு திறந்தா இது தானா அஞ்சு நம்பருக்குக் கூப்பிடும். நீங்க பேசி வச்சதை அவங்களுக்குச் சொல்லும்." பிஜு கையில் பெட்டியைப் பிடித்து, பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "நம்பர் சொல்லுங்க."

"யாரோட நம்பர்?"

"ஏதாவதுன்னா ஓடி வர்றவங்க நம்பர்."

பிஜு பொறுமைசாலி. விரலை எடுக்கவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன் போடு."

"பல்லி ஓடினாலும் இது கூப்பிடும் சாரே. அவங்க ரெண்டு தடவை வருவாங்க, மூணாம் தடவை நம்மளைக் கூட்டிட்டுப் போவாங்க."

"மகள் மஸ்கட்ல..."

"உங்க போன்ல ஐ.எஸ்.டி. இல்லியே. இருந்தாலும் மஸ்கட்லேர்ந்து எப்ப ஓடி வந்து சேர்றது? பக்கத்துல உள்ளவங்க, சொந்தக்காரங்க, ஆஃபீஸ் ஆளுங்க... சூப்பரின்டென்டென்டா இருந்தவருக்கு அஞ்சு பேருக்கா பஞ்சம்?"

பிஜு கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். ராமபத்ரன் உள்ளே போய் போன் டயரியை எடுத்து வந்தார். எழுத்தெல்லாம் லதாவுடையது, மலையாளத்தில் பேரும், சாய்ந்த எண்களும். புரட்டப் புரட்ட அவருக்கு ஒன்று புரிந்தது. இந்த வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாம் அவளைப் பார்க்க வந்தவர்கள். அவர் பேப்பரைத் தாழ்த்தி, "வாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டவர்.

"லக்ஷ்மிநாராயணன். தமிழ்ச் சங்கச் செயலாளர்" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். பொங்கல் விழாவில் முன்வரிசை நாற்காலி விஷயமாக அந்த மனிதரோடு பேச்சு நின்று பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"அடுத்தது?"

"மகாலட்சுமி. நமக்கு ரொம்ப வேண்டப்பட்ட இடம்." அது கேஸ் ஏஜென்சி.

"அடுத்தது?"

பக்கங்கள் தீர்ந்துகொண்டு வந்தன. தையல்காரி, ரத்தம் பார்க்கிற லேப், செத்துப்போன ஒரு பெரியப்பா. 'சு'வில் ஒரு வரி: 'சுமா, எதிர்வீடு'. விபினின் மனைவி. அந்த எண்ணை மட்டும் எந்த அடைமொழியும் இல்லாமல் மெதுவாகப் படித்தார்.

"எல்லாம் பழைய ஆறு இலக்க நம்பர். இப்ப முன்னாடி '2' சேக்கணும்" என்று பிஜு சேர்த்துக்கொண்டான். "மூணு மதி சாரே, போதும். இனி மெசேஜ். பத்து செகண்ட்தான். 'கள்ளன் கேறி, ஓடி வாங்க'ன்னு சொன்னா முடிஞ்சுது."

"கள்ளனா?" ராமபத்ரன் முகம் சுளித்தார். "அரசு முறையில ஒரு வாசகம் இருக்கு." தொண்டையைச் செருமி, சட்டைக் காலரைச் சரிசெய்து, பெட்டிக்கு முன் நின்று பேசினார். "மண்டல அலுவலக ஓய்வு பெற்ற சூப்பரின்டென்டென்ட் ராமபத்ரன் அவர்களின் இல்லத்தில் ஆள் வந்திருக்கிறது. தாங்கள் உடனே..."

பீப் என்று பெட்டி முடித்துக்கொண்டது. இனம் தெரியாத ஆள், அனுமதியின்றி வந்த ஆள் என்றெல்லாம் மனுவில் வருமே, அந்த ஆளைத்தான் அவர் சொன்னார். போட்டுக் கேட்டபோது குரல் நன்றாகவே இருந்தது. 'சூப்பரின்டென்டென்ட்' தெளிவாக விழுந்திருந்தது.

"பாதியில நிக்குதே சாரே."

"புரியறவங்களுக்குப் புரியும்."

பிஜு போன பிறகு பெட்டி சுவரில் மினுங்கியது. சந்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கள்ளனும் வரவில்லை. இரண்டு வாரம் ராமபத்ரன் கடைக்குப் போகும்போது ரிமோட்டை அழுத்திப் பூட்டினார். திரும்பி வந்து திறந்தார். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. தம்ளர்கூட நகரவில்லை.

ஆனால் பிஜு சொன்ன ஒரு வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. ஓடி வர்றவங்க. குளிக்கும்போதும் கஞ்சி வைக்கும்போதும் அது வந்து நின்றது. மூன்று பேரில் யார் வருவார்கள்? ஒருத்தராவது வருவாரா? இதை மனு எழுதிக் கேட்க முடியாது.

ஏப்ரலில் ஒரு நாள், பகல் மூன்று மணி. வெயிலில் சந்து வெறிச்சென்று கிடந்தது. ராமபத்ரன் முகம் கழுவி, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஆட்கள் வந்தால் பனியனோடு நிற்கக் கூடாது. கூடத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். பெட்டி பூட்டிக்கொண்டது. அப்புறம் மூலையில் இருந்த கண்ணைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி, கையை ஆட்டினார்.

விளக்கு படபடவென்று மினுங்கியது. பெட்டிக்குள் டிக் டிக் என்று எண்கள் போயின. ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. பிறகு திறந்த ஜன்னல் வழியாக, எதிர்வீட்டுக்குள் போன் அடிப்பது அவருக்கே கேட்டது. நான்கு தடவை அடித்தது. நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம். பத்து. எதிர்வீட்டிலிருந்து இங்கே வர இருபது அடி.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"மகாலட்சுமி கேஸ். ஆள் வந்தாச்சுன்னா சிலிண்டரை எறக்கி வச்சுக்குங்க. அதுக்கெல்லாமா போன்?" வைத்துவிட்டார்கள்.

மறுபடி அடித்தது. லக்ஷ்மிநாராயணன். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"ஏன் ஓய், உம்ம வீட்டுக்கு யாரோ பெரிய ஆள் வந்தா அதை ரெக்கார்டு பண்ணி ஊருக்கெல்லாம் அடிப்பீரா? 'தாங்கள் உடனே'ன்னு எனக்கு உத்தரவு வேறயா? போன மாசம் எங்க வீட்டுக்குக் கலெக்டர் பி.ஏ. வந்து டிபன் சாப்பிட்டுப் போனாரு. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

"அது இல்ல, நான் சொல்றதை..."

"நீர் சொல்றதைத்தான் இப்ப மெஷினே சொல்லுதே." வைத்துவிட்டார்.

ராமபத்ரன் போனைப் பிடித்தபடியே நின்றார். ஆள் வந்திருக்கிறது. இந்தத் தெருவில், இந்த ஊரில், ஆள் வந்திருக்கு என்றால் விருந்தாளி வந்திருக்கு என்று அர்த்தம். லதா எத்தனை தடவை அடுக்களைக்குள்ளிருந்து அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள்.

கேட் கிறீச்சிட்டது. சுமா. நல்ல புடவைக்கு மாறியிருந்தாள். தலையில் கவிழ்த்த இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் மூடிய தட்டு. தட்டுக்கு மேல் பூப்போட்ட நாலு கப்.

"லேட்டாயிடுச்சு சாரே. ஏத்தப்பழம் நறுக்கிப் பொரிச்சு எடுக்கணுமே. வெறும் சாயா எப்படிக் குடுக்கிறது." நாற்காலிகளை இறக்கிப் போட்டாள். "லதா சேச்சி இருந்தப்ப இங்க கப்பு மூணுதான் முழுசா இருந்துச்சு. அதான் எடுத்துட்டு வந்தேன்." கூடத்தை எட்டிப் பார்த்தாள். "எங்க ஆள்?"

"போயிட்டாங்க" என்றார் ராமபத்ரன்.

"அதுக்குள்ளயா? யாரு?"

"ஆஃபீஸ்ல இருந்து." வாய் தன் பழக்கத்தில் மேலே ஏறியது. "பழைய கமிஷனர். அவசரமா எர்ணாகுளம் போகணும்னாரு."

சுமா தட்டை மேசையில் வைத்தாள். "நான் ஜன்னல்கிட்ட நின்னுதான் சாரே பொரிச்சேன். உங்க கேட்டு தொறக்கவே இல்லியே."

அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டார். பிறகு சுவரைக் காட்டினார். "யாரும் வரல. அது கள்ளன் வந்தா கூப்பிடற மெஷின். நான்தான் அடிச்சுப் பார்த்தேன்."

"கள்ளனா? இங்கயா?" அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எதுக்கு?"

பிஜுவிடம் பீரோவைக் காட்டியவருக்கு இவளிடம் காட்ட எதுவும் இல்லை.

சுமாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டை மடித்து அடக்கிக்கொண்டாள். "நல்ல வேளை, ஆள்னு சொன்னீங்க. கள்ளன்னு சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன், கேட்டீங்களா. விபின் இல்லாத நேரம். கதவை உள்ள பூட்டிட்டு கட்டிலுக்கு அடியில இருந்திருப்பேன்."

"ஓ" என்றார்.

"சார் வீட்டுக்கும் ஆள் வந்திருக்கேன்னு சந்தோஷப்பட்டுத்தான்..." முடிக்காமல் ஒரு கப்பில் சாயா ஊற்றி அவர் முன் வைத்தாள்.

அவர் இதுவரை யாரிடமும் எழுத்து மூலமாக அல்லாமல் எதையும் கேட்டதில்லை. "நீயும் ஒரு கப் குடிச்சிட்டுப் போயேன்" என்றார்.

"அய்யோ, அடுப்புல எண்ணெய் அப்படியே இருக்கு." வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டாள். "தட்டு மெதுவா தந்தா போதும். நாற்காலியை விபின் வந்து எடுத்துக்குவான். என்னால மறுபடி சுமக்க முடியாது."

பழம்பொரி இன்னும் சூடாக இருந்தது. இரண்டு சிவப்பு நாற்காலிகளும் அவள் போட்ட இடத்திலேயே, அவருக்கு எதிரே, அவரைப் பார்த்தபடி இருந்தன. அவற்றை ஓரமாக நகர்த்தலாமா என்று யோசித்து, நகர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக நாலு துண்டு சாப்பிட்டார். லதாவின் கையில் இவ்வளவு இனிப்பு இருக்காது. அதைச் சொல்லவும் ஆளில்லை.

ஆறு மணிக்கு விபின் வந்தான். கேட்டுக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றான், அதற்கு மேல் வரவில்லை. மனுவுக்குப் பிறகு அவன் அந்தக் கேட்டைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

"நாற்காலி" என்றான்.

ராமபத்ரன் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். விபின் ஒன்றை மற்றொன்றில் செருகினான். போகத் திரும்பியவன், மரியாதைக்குக் கேட்பது மாதிரி, முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"வந்தவங்க போயாச்சா சாரே?"

யாரும் வரவில்லை என்று சுமா அவனிடம் சொல்லவில்லை. ராமபத்ரன் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். விளக்கு போட்டிருந்தது, ஆள் தெரியவில்லை.

"ம்" என்றார். "இப்பத்தான். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போனாங்க."

"நல்லது" என்று சொல்லிவிட்டு விபின் நாற்காலிகளோடு சந்தைக் கடந்தான். அவன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ராமபத்ரன் கேட்டில் கை வைத்தபடி, யாரையோ வழியனுப்ப வந்தவர்போல, இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்றார்.