சகலையின் வண்டி எடை

1

இந்தக் கதை ஒட்டுக் கேட்டது. ஆணி வாங்கப் போன கடையில் எனக்கு முன்னால் நின்றவர் கை வின்ச் கேட்டார். சேற்றில் சிக்கிய ஜீப்பைக் கம்பி மாட்டி, நெம்புகோலை ஆட்டி ஆட்டிக் கையாலேயே வெளியே இழுக்கும் கருவி அது. கல்லாவில் இருந்த அம்மாள், "வண்டி என்ன எடை சார்?" என்றார். அவர் ஒரு எடையைச் சொன்னார். வாசலில் நின்ற அவருடைய குட்டி வண்டியைப் பார்த்தேன். சத்தியமாக அவ்வளவு வராது.

அப்படியானால் அது யாருடைய வண்டியின் எடை? ஆணியை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்தது. தூரத்தில் ஒரு—"

வேண்டாம். எல்லாக் கதையிலும் மழை விட்டுத் தொலைக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "அவருக்குச் சகலைமேல் பொறாமை." இது போதும். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்?

அவரை நில அளவைக்காரர் ஆக்கினேன். சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், பெரிய வண்டிக்காரர். முன்பக்கம் மோட்டார் வின்ச். பொத்தானை அமுக்கினால் இழுக்கும். போன வருடம் அளவைக்காரர் குடும்பத்தோடு சேற்றில் மாட்டியபோது சகலைதான் இழுத்துப் போட்டார். "நல்லவேளை, அத்தான் இருந்தாரு!" என்றாள் மனைவி. அன்று பிடித்த வயிற்றெரிச்சல், மோர் குடித்தும் அடங்கவில்லை. அந்த மாதிரி ஒரு பார்வை தன்மேல் ஒரே ஒரு தடவை விழ வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

3

"உங்க வண்டிக்கு இந்தச் சின்னதே தாராளம் சார்."

"பெருசு குடுங்க."

"பெருசு செம கனம். ஒரு தள்ளுக்கு விரல் அகலம்தான் நகரும். கை கழண்டுரும்."

"பரவால்ல, குடுங்கம்மா."

அவர் கற்பனையில் சேற்றில் நின்றது எப்போதும் சகலையின் வண்டிதான். அதன் எடைக்குத்தான் வாங்கினார்.

(அடிக்குறிப்பு மாதிரி: முன்னால் பொருத்திய மோட்டார் வின்ச் முன்பக்கம்தான் இழுக்கும். கை வின்ச்சைப் பின்பக்கமும் மாட்டலாம். கதை இதை நம்பித்தான் நிற்கிறது.)

4

சகலையைப் பீற்றல்காரராக எழுத உட்கார்ந்தேன். மனுஷன் மசியவில்லை. எந்தக் காட்சியில் விட்டாலும் யாருக்காவது உதவிக்கொண்டு நிற்கிறார். அளவைக்காரருக்குக் கோபப்படக்கூட ஒரு காரணம் கொடுக்க மாட்டேன் என்கிறார். இப்படிப்பட்ட ஆளை எப்படித்தான் சகித்துக்கொண்டு... சரி, போகட்டும். சேறு என் கையில்தானே இருக்கிறது? அவர் வண்டியை அச்சு வரை முக்கினேன். வண்டிக்கு முன்னால் ஓடை. பின்னால்தான் வந்தாக வேண்டும்.

5

அளவைக்காரர் முகத்தில் கல்யாணக் களை. பின்னாலிருந்த மரத்தில் நாடாப் பட்டையைச் சுற்றி, வின்ச்சை மாட்டினார். மனைவி சகலையின் வண்டியில் ஏறி ஸ்டீரிங் பிடித்தாள். நெம்புகோல் முன்னால், பின்னால். விரல் அகலம். இன்னொரு விரல் அகலம். "வருதுங்க! வருதுங்க!" என்று அவள் கத்தியபோது அவருக்கு உலகமே கைக்குள் வந்துவிட்டது.

பாதி தூரத்தில் தோள் விட்டுப்போயிற்று. தம் கட்டித் தள்ளினார். நெம்புகோல் அசையவில்லை.

சகலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "குடுங்க தம்பி. நீங்க கொஞ்சம் மூச்சு வாங்குங்க."

மனைவி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

கொடுத்தால் வண்டி ஏறிவிடும். அளவைக்காரர் வாங்கிய வின்ச்சால், சகலை கையால். "நல்லவேளை, அத்தான் இருந்தாரு!" கொடுக்காவிட்டால் இருட்டிவிடும், எல்லாரும் சேற்றில்.

முடிவு (அ): சிரித்துக்கொண்டே கொடுக்கிறார். எழுதினேன். அவர் சிரிப்பு எனக்கே நம்பும்படி இல்லை.

முடிவு (ஆ): "ரெண்டு பேரும் சேர்ந்தே தள்ளுவோம், அண்ணே" என்கிறார். உத்தமமான முடிவு. அடித்துவிட்டேன்.

நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். வண்டி ஓடையோடு போனாலும் பிடியை விட மாட்டேன். என் மனைவிக்கும் ஒரு அக்கா இருக்கிறாள்; அந்த அக்காவுக்கும் ஒரு தங்கமான கணவர் இருக்கிறார். அதனால் இதன் முடிவை நான் எழுதக் கூடாது. சகலை இல்லாதவர் யாராவது எழுதுங்கள்.