புத்தகத்தில் நாற்பது டப்பா

கருசக்குளம் அரசு மருத்துவமனையின் மருந்து ஸ்டோரில் யாரும் பூஜ்யம் எழுதியதில்லை. எழுதினால் சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த வரி சிவப்பாகும். சிவப்பானால் மெமோ வரும். ஆகவே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஏதாவது தீர்ந்தால் அவர்கள் பூஜ்யம் எழுதுவதற்குப் பதிலாக இங்கே போன் போடுவார்கள். ஒரு பெட்டி கைமாற்றாகப் போகும், அடுத்த லோடு வந்ததும் திரும்பி வரும். இருப்புப் புத்தகத்துக்கு இது எதுவும் தெரியாது. ஒன்பது வருஷமாக ஸ்டோரைப் பார்த்துவந்த யோகலட்சுமிக்கு இது தவறென்றே தோன்றியதில்லை. அடுத்த வீட்டுக்கு உறைமோர் கொடுப்பது போலத்தான்.

2007 தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், காலை ஒன்பதரைக்கு, ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. பதினான்கு பேர் வந்தார்கள். ஆறு பேரை மதுரைக்கு அனுப்பினார்கள். மீதி எட்டுப் பேருக்கும் தீக்காயக் களிம்பு வேண்டும். புத்தகத்தில் நாற்பது டப்பா இருந்தது. அலமாரியில் மூன்று. ஆகஸ்டில் கைமாற்றாகப் போனவை திரும்பவே இல்லை.

மூன்றும் பதினொரு மணிக்குள் தீர்ந்தன. நர்ஸ் மாடத்தி காலி டப்பாவோடு வாசலில் வந்து நின்றாள். யோகலட்சுமி அதற்குள் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்திருந்தாள். அங்கேயும் இல்லை. விருதுநகரில் இருந்த மாவட்ட மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர் அய்யாதுரை, உங்கள் கணக்கில் நாற்பது காட்டுகிறது, பத்துக்குக் கீழே இறங்காமல் தர முடியாது என்று நிதானமாகச் சொன்னார்.

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேனில் ஏறினாள். கேட்காமலேயே வெள்ளைத்துரையும் ஏறினார். அவர் மனைவி அய்யம்மாள் மூன்றாவது கட்டிலில் கிடந்தாள், இரண்டு கையும் முதுகும் வெந்துபோய்.

"பெட்டி தூக்க ஆளு வேணும்லம்மா. நான் பட்டாசு லோடு ஏத்துறவன்தான்."

கிடங்கில், அய்யாதுரையின் மேசை மேலேயே புத்தகத்தை விரித்து, நாற்பதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். கைமாற்றாகக் கொடுத்தேன் என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டாள். வேலை போய்விடும் என்பது அந்தக் கையெழுத்தின் கடைசிச் சுழிப்பில்தான் அவளுக்கு உறைத்தது. அய்யாதுரை இரண்டு தடவை படித்தார். டாக்டரின் சீல் இல்லையே என்றார். சாப்பாட்டு நேரம் கழித்து வரச் சொன்னார்.

வெள்ளைத்துரை அதற்குள் உள்ளே போய், ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, களிம்புப் பெட்டி அடுக்கின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"சார், இது காலிப் பெட்டி," என்றார். "கீழ உள்ளதும் காத்துதான்."

ஏன் உள்ளே வந்தாய் என்று அய்யாதுரை அதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். செப்டம்பரில் வேறு இரண்டு கிடங்குகள் கைமாற்று வாங்கியதாகவும், திரையில் முந்நூறு டப்பா அப்படியே நிற்பதாகவும் மெல்லச் சொன்னார்.

"நாளைக்கு வந்துரும்னு நெனச்சேம்மா. தெனமும் நாளைக்குத்தான்."

அவளுடைய நாற்பதுக்குப் பின்னால் அவர் ஒளிந்திருந்தார். அவருடைய முந்நூறுக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ. நிழலே இல்லாத வெளியில், ஒருவர் முதுகு நிழலில் ஒருவர் ஒதுங்கி நிற்கும் நீண்ட வரிசையை அவள் கண்டாள்.

"நீங்களும் பூஜ்யம் போடுங்க சார்."

"ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கும்மா."

"எட்டுப் பேரு கெடக்காக சார்."

அவர் போட்டார். வரி சிவப்பானது. கால் மணி நேரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. திட்டப் போகிறார்கள் என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். எத்தனை வேண்டும் என்றுதான் கேட்டார்கள். மதுரைக் கிடங்கிலிருந்து வேன் புறப்படும் என்றார்கள். இங்கே இறக்கி, பதிந்து, சீட்டுப் போட்டுக் கொடுக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

எதற்கு இங்கே வந்து இறங்க வேண்டும் என்று வெள்ளைத்துரை கேட்டார். சீசனில் ஆர்டர் அவசரமென்றால் கம்பெனியில் லாரியை வழியிலேயே மறித்து லோடு மாற்றுவார்களாம். அய்யாதுரை கொஞ்சம் யோசித்து, வழியிலேயே ஒப்படைக்கச் சொல்லிச் சீட்டு எழுதி, ஆஸ்பத்திரி வேனை அடையாளம் கண்டு நிறுத்தும்படி மதுரைக்கும் தகவல் சொன்னார்.

கள்ளிக்குடி தாண்டி, நாற்கரச் சாலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த மண்மேட்டோரம் வேனை நிறுத்தினார்கள். மணி இரண்டரை. மாடத்தி போனில் கூப்பிட்டாள். ஈரத்துணி போட்டிருக்கிறோம், அய்யம்மாள் இப்போது அனத்துவதைக்கூட நிறுத்திவிட்டாள் என்றாள். யோகலட்சுமி அதை மறைக்காமல் அப்படியே அவரிடம் சொன்னாள்.

வெள்ளைத்துரை மண்மேட்டில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்த முட்டையக் காலையிலயே போட்டிருந்தீகன்னா?"

கம்ப்யூட்டர், கிடங்கு, வேறு வேறு ஊர்கள் என்று சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. எல்லாமே உண்மையும்கூட.

"காலையில இல்லண்ணே. ஆகஸ்ட்டுலயே போட்டிருக்கணும். போடல."

அவர் எழுந்து சாலையின் விளிம்புக்குப் போனார். எது மருந்து வேன் என்று தெரியாமல், வடக்கிலிருந்து வந்த ஒவ்வொரு வேனுக்கும் இரண்டு கைகளையும் தூக்கினார். அவை ஹாரன் அடித்துக்கொண்டு, ஒதுங்கி, தெற்கே போய்க்கொண்டிருந்தன.