ஆறு மாடி ரத்தம்

நான்காவது மாடித் திருப்பத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, லிஃப்ட் வேலை செய்கிறது என்று சொன்னார். தெரியும் என்று பதில் சொல்லி மூச்சை வீணாக்க எனக்கு மனமில்லை. தலையை ஆட்டிவிட்டு ஏறினேன். கீழிருந்து இதுவரை கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பத்து விநாடி. முதல் மாதம் இதே திருப்பத்தில் படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

ரத்தம் எடுக்கும் அறை ஆறாவது மாடியில் இருந்தது. எனக்கு மாரடைப்பு வந்து நாலு மாதம் ஆகிறது. மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும், இதுதான் கடைசித் தடவை. அதில் பிஎன்பி என்று ஒன்றை அளக்கிறார்கள். இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடுகிற சரக்காம் அது. நூற்றைம்பதுக்குக் கீழே வந்தால் நான் மறுபடி கிரேனில் ஏறலாம், வராவிட்டால் ஸ்டோரில் நாற்காலி என்று கம்பெனி டாக்டர் கோடு போட்டுவிட்டார். நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கக் கசக்கிறதா என்று வேறு கேட்டார். கசக்கத்தான் செய்தது.

பத்தொன்பது வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறேன். கேபினுக்கு நூற்றெண்பது படி ஏணி. சைட்டில் எனக்கு மேலிடம் என்று பெயர். கீழே எந்தத் தகராறு வந்தாலும் மேலிடத்தைக் கேட்டுக்கோ என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். நெஞ்சு வலித்த அன்றைக்கும் கொக்கியில் தொங்கிய கம்பிக்கட்டைத் தரையில் பத்திரமாக வைத்த பிறகுதான் வாக்கிடாக்கியை எடுத்து ஆள் வேண்டும் என்றேன். வந்தவர்கள் எனக்கு பெல்ட் மாட்டி, மூட்டையை இறக்குவதுபோல இறக்கினார்கள். சைட் முழுக்க அண்ணாந்து பார்த்தது. வலிகூட மறந்துவிட்டது, அப்படி இறங்கியது மட்டும் இன்னும் ஆறவில்லை.

போன மூன்று தடவையும் வந்த எண்கள் முந்நூற்றுப் பத்து, இருநூற்று முப்பது, இருநூற்று நாற்பது. கால் மாதாமாதம் தேறுகிறது, காகிதம் தேறவில்லை. என் வீட்டுக்காரர் தையல்காரர். நாலு மாதமாக எனக்கு உப்பு குறைத்துச் சமைத்து, தானும் அதையே முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் ஃபைலோடு லிஃப்டில் முன்னால் போய் முதல் டோக்கனைப் பிடித்துவிடுவார். நான் படியேறி நேராக நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்த்தால்தானே அதன் பவுசு தெரியும்? சூடு ஆறும் முன் எடுத்த ரத்தம் எனக்காகச் சாட்சி சொல்லும் என்று நம்பியிருந்தேன்.

இன்றைக்கு ரத்தம் எடுக்க வந்தவள் புதியவள். என் புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டி இறுக்கியவள், ஊசியைப் பிரிக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"எப்படி வந்தீங்கக்கா?"

"படியில."

"போன தடவை?"

எல்லாத் தடவையும் படிதான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் கட்டை அவிழ்த்துவிட்டாள். ஏறிவந்த உடனே எடுத்தால் அந்த அளவு கூடுதலாகத்தான் காட்டும் என்றாள். அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு வரவும் என்று கதவிலேயே ஒட்டியிருந்ததாம். நானும் அதைப் படித்திருக்கிறேன். முடியாதவர்களுக்கு எழுதியது என்று நினைத்திருந்தேன்.

எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி உட்காருங்கள், அப்புறம் எடுக்கிறேன் என்று அவள் சுலபமாகச் சொன்னாள். உட்கார்ந்தால் எண் கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம், கிரேன் எனக்கே திரும்பக் கிடைக்கலாம். உட்காரத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கேபினுக்கு யாரும் உட்கார்ந்தபடியே போய்விட முடியாதே.

சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டினேன். "இப்ப ஒண்ணு எடு. அரை மணி கழிச்சு ஒண்ணு எடு. ரெண்டும் போகட்டும்."

படிவத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம், இரண்டு போனால் எது கூடுதலோ அதைத்தான் டாக்டர் பிடித்துக்கொள்வார் என்று அவள் எச்சரித்தாள். வீட்டுக்காரர் குனிந்து என் காதருகே வந்தார்.

"பேசாம உக்காந்து ஒண்ணு மட்டும் குடேன். யாரு கேக்கப் போறா?"

"கொக்கிக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்க. ஏறினா உள்ள என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? அந்த டாக்டரும் ரெண்டையும் பாத்துட்டுப் பேசட்டும். நான் எதிர்ல உக்காந்து கேக்கறேன்."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. அவள் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டை மறுபடி இறுக்கினாள்.

அந்த அரை மணியைப்போல நீளமான ஒன்றை நான் மேலே கேபினில்கூடப் பார்த்ததில்லை. காலை ஆட்டாதே என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை என் முழங்காலை அமுக்கினார். இரண்டாவதும் எடுத்தாயிற்று. ஒரு குப்பியில் படி என்றும் மற்றதில் நாற்காலி என்றும் எழுதச் சொன்னேன். அவள் நேரத்தையும் சேர்த்து எழுதி, படிவத்தின் ஓரத்தில் கையால் இன்னொரு கட்டம் போட்டாள். இரண்டு குப்பிகளும் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் தெரியவில்லை.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் லிஃப்டுக்குப் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. நான் படிப் பக்கம் திரும்பி, பஞ்சை முழங்கை மடிப்பில் இறுக்கியபடி கீழே இறங்கும் முதல் படியில் காலை வைத்தேன். பின்னால் லிஃப்ட் மூடும் சத்தம் கேட்டது. அதையடுத்து, எனக்கு மேலே இரண்டு படி தள்ளி, அவருடைய செருப்புச் சத்தம்.