சம்பந்தி வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை

எங்கள் குடும்பத்தில் யாரும் சம்பந்தியை உட்கார்ந்தபடி வரவேற்றதில்லை. என் தகப்பனாருக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் இருந்தபோதுகூட வாசல்வரை நடந்து போய், கைகூப்பி "வாங்க" என்று சொல்லி, சம்பந்தியை உட்கார வைத்த பிறகுதான் மயங்கி விழுந்தார். அப்படிப்பட்ட வீட்டில் போன மாதம் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். முக்கியமாக என் மனைவி அழகம்மை கூட்டித்தான் சொல்வாள்.

எனக்கு அறுபத்தாறு வயது. பெயர் அடைக்கப்பன். பிரிக்பீல்ட்ஸில் நாற்பது வருடமாக இருக்கிறேன். இந்தத் தொண்ணூற்று நாலாம் வருடத் தொடக்கத்தில் என் வலது முட்டி என் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எலும்போட எலும்பு உரசுது, அங்கிள். மாத்திடலாம்."

"மாத்தின பிறகு சம்மணம் போடலாமா?"

"நடக்கலாம், படி ஏறலாம், கோயில் சுத்தலாம். தரையில மட்டும் உக்காராதீங்க."

அங்கேதான் சிக்கல். எங்கள் மகள் இந்திராவுக்கு ஆவணியில் கல்யாணம். மூன்று வருடம் தேடிக் கிடைத்த இடம், கிள்ளான் கண்ணப்பன் வீடு. பையனை அவளுக்கும் பிடித்துவிட்டது. எங்கள் செட்டிமார் கல்யாணத்தில் இசைபிடிமானம் என்று ஒன்று உண்டு. இந்தக் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாருக்கும் சம்மதம் என்று எழுதி, பெண்ணின் தகப்பனும் பையனின் தகப்பனும் கையெழுத்துப் போடுவது. எங்கள் வீட்டில் அதைத் தரையில் தடுக்கு விரித்து, எதிரெதிரே சம்மணமிட்டுத்தான் எழுதுவோம். சம்பந்தி பனையோலைத் தடுக்கில் இருக்க, நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அவர் தலைக்கு மேலே கையெழுத்துப் போடுவதா?

"மறைக்காம சொல்லிருங்க அப்பச்சி. முட்டிதானே, கொலையா பண்ணிட்டீங்க?" என்றான் மகன் குமரப்பன். இந்திராவும் அதையேதான் சொன்னாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பெண்ணின் தகப்பன் நொண்டி என்று கிள்ளானில் பேச்சு வரக்கூடாது. ஆகவே ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. கிள்ளானில் யார் கேட்டாலும் நான் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்ல வேண்டும்.

"முட்டி மாத்திக்கப் போறவரு மலைக்கோயில் படியேறப் போயிருக்காராம்," என்று அழகம்மை தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் தனக்குள் சொல்வது தெரு முனைவரை கேட்கும்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எட்டாம் நாள் நாலு கால் வைத்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். வாரம் இரண்டு நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, நசீமா என்ற பெண் உடற்பயிற்சி கொடுக்க வந்தாள். மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். என் தோளுயரம்கூட இல்லை. என்னை அதட்டுவதற்கு அவளுக்கு உயரம் தேவைப்படவில்லை.

"மடக்குங்க அங்கிள். இன்னும். இன்னும் லா. அழக்கூடாது."

"நான் அழலை."

"அப்ப கண்ணுல என்ன?"

"வேர்வை."

முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கியது, பிறகு நூறு. நூறு மடங்கும் முட்டிக்குச் சம்மணம் என்ன பெரிய தூரம் என்று எனக்குத் தோன்றியது. நசீமாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. குமரப்பன் வேலைக்குப் போயிருந்தான், இந்திரா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், அழகம்மை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டு அப்படியே கோயிலுக்கும் போவதாகச் சொல்லியிருந்தாள். கூடத்தில் தடுக்கை விரித்தேன். அலமாரியைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்கினேன். கடைசி ஒரு அடியை நான் இறங்கவில்லை, அதுவாக வந்து சேர்ந்தது. இடது கால் பழைய பழக்கத்தில் மடங்கிக்கொண்டது. வலது கால் வாசலைப் பார்த்து நேராக நீட்டிக்கொண்டு நின்றது. நான் எவ்வளவு சொல்லியும் வரவில்லை.

சரி, எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அதுவும் முடியவில்லை. அலமாரியில் பிடி கிடைக்கவில்லை. சட்டம் எட்டாத தூரத்தில் நின்றது, மேலே என் துண்டு தொங்கியது. மணி மூன்று. நசீமா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

"சம்பந்தி இருக்காகளா? செராஸ் வரைக்கும் வந்தேன். பினாங்குலேருந்து திரும்பிட்டீகன்னு சொன்னாக, அதான் பாத்துட்டுப் போலாம்னு."

கண்ணப்பன் உள்ளே வந்தார். கிழங்கு மாதிரி உறுதியான உடம்பு, மடிப்புக் கலையாத வேட்டி. நான் தரையில் இருந்தபடியே கைகூப்பினேன்.

"வாங்க, வாங்க சம்பந்தி."

அவர் நின்றார். நான் எழுந்திருப்பேன் என்று காத்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவரை நோக்கி நீண்டிருந்த என் பாதத்தை ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் கிடந்த தமிழ்ப் பேப்பரை எடுத்துக் காலின் மேல் போட்டு மூடினேன். அவர் முகம் மெல்லக் கறுத்தது.

"பரவால்ல," என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த மரியாதைன்னா, நான் இன்னொரு நாள் வரேன். வந்தா வரேன்."

அந்த 'வந்தா'வில் கல்யாணமே நின்றுபோகலாம். இந்திராவின் முகம் கண்முன் வந்தது. வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. என் பரம்பரை மொத்தமும் பின்னாலிருந்து அதைப் பிடித்து இழுத்தது.

"தப்பா நினைக்காதீக. விரதம்."

"விரதமா?"

"தண்ணீர்மலையானுக்கு. தினம் நாலு மணி வரைக்கும் தரையை விட்டு எந்திரிக்கிறதில்லை."

கண்ணப்பன் முகம் ஒரு நொடியில் மாறியது. செருப்பைக் கழற்றிய கால்களைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா சம்பந்தி? அப்ப நானும் உக்கார்றேன். புண்ணியத்துல எனக்கும் பங்கு கிடைக்கட்டுமே."

மேல்துண்டை எடுத்து என் நாலுகால் சட்டத்தில் மாட்டினார். "நல்ல ஸ்டாண்டா இருக்கே, துணி காயப்போடவா? எங்க வாங்குனீக?"

"ஒருத்தர் குடுத்தாரு."

எதிரே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு வயது மூத்தவர், வாழை இலை மடிவதுபோல் மடிந்தார். நான் அந்த முட்டிகளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். தண்ணீர்மலைக்கு எத்தனை படி என்று கேட்டார். நிறைய என்றேன். ஏறும்போது மூச்சு வாங்கியதா என்றார். எனக்கா என்றேன். பிறகு கண்ணை மூடி முருகன் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். அவர் குரல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டு நீளம். தடுக்கின் ஓலை என் தொடையில் தடம் பதித்துக்கொண்டிருந்தது. பேப்பருக்கு அடியில் முட்டி தனியாக ஒரு தாளம் போட்டது.

சரியாக நாலு மணிக்கு நசீமா பையோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அங்கிள்! யாரு உங்களைத் தரையில உக்காரச் சொன்னா? ஆபரேஷன் பண்ணி ஆறு வாரம்கூட முழுசா ஆகலை! அந்தப் புது முட்டியை உடைக்கணும்னு வேண்டுதலா?"

"வேண்டுதல்தான்மா, தண்ணீர்மலை..." என்று ஆரம்பித்த கண்ணப்பன் பாதியில் நிறுத்தினார். "ஆபரேஷனா?"

நசீமா பேப்பரை எடுத்து, வேட்டியை முட்டிக்கு மேலே ஒதுக்கினாள். முட்டியின் மேல் நீளமாக ஓடிய தையல் தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது.

கண்ணப்பன் அதைப் பார்த்தார், பிறகு தன் துண்டு தொங்கிய சட்டத்தைப் பார்த்தார்.

"பினாங்கு?"

"போகலை."

"விரதம்?"

"அது தண்ணீர்மலையானுக்கே தெரியாது."

என் வாழ்நாளில் நான் யாரிடமும் தப்பு என்று சொன்னதில்லை, அழகம்மையிடம்கூட. அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"தப்பு என்னோடது. தடுக்குல உக்காந்து கையெழுத்துப் போட முடியாதவன் வீட்டுல பொண்ணு எடுக்கிறோமேன்னு நீங்க நினைச்சிரக் கூடாதுன்னு மறைச்சேன். கோவம் என்மேல இருக்கட்டும். என் மகளுக்கு இதுல ஒண்ணும் சம்பந்தம் கிடையாது. அவ சொல்லிரலாம்னுதான் சொன்னா."

கண்ணப்பன் தாடையைத் தடவினார்.

"நான் வந்தப்ப எந்திரிக்கலையே. வேணும்னு எந்திரிக்கலையா, முடியலையா?"

"முடியலை."

"அப்பச் சரி," என்றார். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டார். "ஒரு மணி நேரமா உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தேன் சம்பந்தி. விரதம்னு சொன்னாலும் வாசப்படி வரைக்கும் வரலாமேன்னு. முடியலைன்னா அது மரியாதைக் குறைவே இல்லையே! பொய் சொன்னதுக்குப் பின்னாடி ஒரு நாள் சண்டை போடறேன். முதல்ல எந்திரிங்க."

"அங்கிள் ரெண்டு பேரும் பேசாதீங்க," என்றாள் நசீமா. "நீங்க இந்தப் பக்கம், கக்கத்துல கை குடுங்க. இழுக்காதீங்க, தூக்குங்க. சத்து, டுவா, தீகா!" என்று மலாயில் மூன்றுவரை எண்ணினாள்.

கிள்ளான் கண்ணப்பன் என்னைக் கக்கத்தில் பிடித்து அரிசி மூட்டையைப்போல் தூக்கி நாற்காலியில் வைத்தார். என் குடும்பத்தில் சம்பந்தி கையால் தூக்கப்பட்டவன் நான் ஒருவன்தான். சுகமாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

"கல்யாணத்தன்னைக்கும் தரை கிடையாது," என்றாள் நசீமா.

"நாற்காலி போட்டு எழுதுவோம்," என்றார் கண்ணப்பன்.

"நான் மேலே, நீங்க கீழேயா? நடக்காது."

"ரெண்டு பேருக்கும்தான். தடுக்கை நாற்காலி மேல விரிச்சுக்குவோம். கிள்ளான்ல எங்க வீட்டுல தேக்கு நாற்காலி ஜோடி இருக்கு, அனுப்பி வைக்கிறேன்."

"பொண்ணு வீட்டுல நடக்கிற கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டு நாற்காலியா? இந்த வீட்டுல நாற்காலிக்கு என்ன பஞ்சம்?"

அழகம்மை கோயிலிலிருந்து திரும்பியபோது இந்திராவின் மாமனார் எங்கள் கூடத்தில் முட்டி போட்டு, நசீமாவின் அளவு நாடாவை வைத்து நாற்காலிகளை அளந்துகொண்டிருந்தார். பத்து நாற்காலியில் இரண்டுதான் கிட்டத்தட்ட ஒத்துவந்தன. அதிலும் ஒன்று அரை அங்குலம் உயரம்.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, சமையல்காரர் பேசியாகிவிட்டது, இந்திரா சந்தோஷமாக இருக்கிறாள். அந்த அரை அங்குலம் மட்டும்தான் முடிவாகவில்லை. உயரமானது அவருக்குத்தான் என்கிறேன். பெண்ணைக் கொடுப்பவருக்குத்தான் என்று அவர் தினம் கிள்ளானிலிருந்து போன் போடுகிறார். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.