ஒன்றுகூடச் சரியில்லை

வெள்ளைப் பலகையைச் சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தி, சுவரில் சாய்த்துவிட்டு, "சோடியம் குளோரைடு" என்றேன். வேண்டுமென்றேதான் அதில் ஆரம்பித்தேன். முதல் கேள்வி சரியாக வந்துவிட்டால் அவளுக்கும் ஒரு தெம்பு வரும், என் பொறுமையும் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். என் சமையலில் உப்பு அரைச் சிட்டிகை கூடினாலும் நாக்கு நுனியில் வைத்தே கண்டுபிடித்துச் சொல்கிற என் நாத்தனார், அதே உப்பின் வாய்பாட்டை NaCl₂ என்று எழுதிவிட்டு, பேனாவை மூடி, மேசைவிரிப்பின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள்.

"அக்கா, சோடியத்துக்கு மின்சுமை எத்தன?"

"ஒண்ணு."

"குளோரைடுக்கு?"

"அதுக்கும் ஒண்ணுதான்."

"அப்புறம் இந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியலம்மா. கை எழுதிடுச்சு."

நேரில் அவளை எப்போதும் 'நீங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் 'அவள்'தான். இது ஒன்றும் புதிதல்ல, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். இவருக்கு மூத்த அக்கா, தாய் மாதிரி வளர்த்தவள் என்று சொல்லிச் சொல்லியே என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். துணி மடிப்பது, பாத்திரம் கவிழ்ப்பது, பால் எப்போது இறக்குவது என்று நான் செய்கிற எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. திட்டமாட்டாள். "இப்படி இல்லம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நான் மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

அவள் வீட்டுக்காரர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதனை அறை உதவியாளராக இருந்தவர். பணியிலிருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலையை அவளுக்கே தருவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை, ஒரு பரீட்சையில் தேற வேண்டும். அங்கே கிடங்கில் இருக்கிற கேன்களில் பேர் இருக்காது, வாய்பாடு மட்டும்தான் ஒட்டியிருக்கும். பேரைச் சொன்னால் வாய்பாடு எழுத வேண்டும், வாய்பாட்டைக் காட்டினால் பேர் சொல்ல வேண்டும். கேன் மாறினால் ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே, அதனால் இதில் மட்டும் கறாராக இருந்தார்கள். இரண்டு தடவை எழுதித் தோற்றுவிட்டாள். மூன்றாவது தடவை நாளைக் காலையில். அதோடு சரி, அப்புறம் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

வேலையோடு ஒரு வீடும் வரும். சின்ன வீடுதான், நிலையத்துக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருப்பது. அந்த வீட்டை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஆனால் அதில் அவளுடைய பெட்டி எங்கே இருக்கும், கட்டில் எங்கே இருக்கும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் நானும் இவரும், இன்னொன்றில் மகளும் நாத்தனாரும். வயசுக்கு வந்த பெண், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு போன் பேச முடியாமல் என்மேல் எரிந்து விழுகிறாள். நான் விடைத்தாள் திருத்துவது கட்டில்மேல், ட்யூஷன் எடுப்பது கூடத்தில், கோபப்படுவது குளியலறையில். 'கொஞ்ச நாளைக்கு' என்று வந்தவள் மூன்று வருஷமாக இருக்கிறாள். வேதியியல் ஆசிரியை நான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பாடத்தை ஒரே வாரத்தில் ஏற்றிவிடுகிறேன், என் வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு மட்டும் ஏறவில்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்.

இவரிடம் புலம்பினால், "அக்காவுக்கு வயசாயிடுச்சுல்ல, மெதுவா சொல்லிக்குடு" என்பார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தத் தடவ பாஸ் பண்ணிடுவால்ல?" என்பார். அவருக்கும் அதே ஆசைதான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் கிடையாது. அதனால் 'அவங்க நல்லதுக்குத்தான்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

"சரி, அது போகட்டும். கால்சியம் குளோரைடு."

Ca₂Cl என்று எழுதினாள்.

"மக்னீசியம் ஆக்சைடு."

MgO₂.

"அக்கா, மக்னீசியத்துக்கு ரெண்டு, ஆக்சைடுக்கு ரெண்டு. ப்ளஸ்ஸும் மைனஸும் சமமாயிடுச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு போதும். இத நேத்தும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன்."

"சொன்ன. நீ சொல்லறப்ப புரியுது."

"கால்சியம் ஹைட்ராக்சைடு."

CaOH₂ என்று எழுதினாள், அடைப்புக்குறி இல்லாமல். ஹைட்ராக்சைடு இரண்டு எழுத்து சேர்ந்த ஒரே அயனி, அது இரண்டு வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் கீழே இரண்டு போட வேண்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அடுத்து சோடியம் நைட்ரேட் கேட்டேன். Na(NO₃) என்று, அடைப்புக்குறி தேவையே இல்லாத இடத்தில் அழகாக இரண்டு வளைவு போட்டு எழுதினாள்.

தலையில் அடித்துக்கொள்ளத் தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது.

தெரியாதவர்கள் எப்படித் தப்பு செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். தெரியாதவன் ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டால் அதை விடவே மாட்டான். அடைப்புக்குறியை மறக்கிறவன் எல்லாவற்றிலும் மறப்பான். மின்சுமையைக் குறுக்கே மாற்றிப் போடுகிறவன் மக்னீசியம் ஆக்சைடைக்கூட Mg₂O₂ என்று எழுதி நிற்பான். அதனாலேயே சிலது அவனை மீறிச் சரியாகிவிடும். எவ்வளவு மக்குப் பிள்ளையாக இருந்தாலும் சோடியம் குளோரைடு வந்துவிடும், வராமல் இருக்க வழியே இல்லை. இவளோ ஒரு தப்பை இரண்டாம் தடவை செய்யவில்லை. எங்கே அடைப்புக்குறி வேண்டுமோ அங்கே விட்டாள், எங்கே வேண்டாமோ அங்கே போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால்கூட ஒன்றிரண்டு சரியாக விழும். ஒன்றுகூட விழாமல் எழுத வேண்டுமென்றால், சரியானது எதுவென்று ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கேட்டால் பிடிகொடுக்க மாட்டாள். "வயசாயிடுச்சும்மா" என்பாள், இவர் ஓடிவந்து அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். அதனால் பலகையைத் துடைத்துவிட்டு நானே பேனாவை எடுத்தேன்.

"இந்தக் கஷ்டமானத நானே எழுதிக் காட்டறேன். கால்சியம் பாஸ்பேட். நல்லாப் பாத்துக்கங்க, நாளைக்கு இது கண்டிப்பா வரும். இப்படியே எழுதிட்டு வந்துடுங்க."

Ca₂(PO₄)₃ என்று பெரிதாக எழுதினேன். தப்பு. கால்சியத்துக்கு மின்சுமை இரண்டு, பாஸ்பேட்டுக்கு மூன்று. மூன்று கால்சியமும் இரண்டு பாஸ்பேட்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் இல்லை அது. எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து அவள் முகத்தையே பார்த்தேன்.

பலகையைப் பார்த்தாள். பார்வையை விலக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி பலகையைப் பார்த்தாள். தேநீர்க் கோப்பைகளின் பிடியை ஒரே திசைக்குத் திருப்பி வைத்தாள், முதலில் அவளுடையது, அப்புறம் என்னுடையது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் நான் ஒரு தலையணை உறையைத் திருப்பிப் போட்டால்கூடப் பொறுக்காதவள், எத்தனை நேரம் பொறுப்பாள் பார்க்கலாம் என்று இருந்தேன்.

"இப்படி இல்லம்மா" என்றாள் கடைசியில். குரல் எழும்பவே இல்லை. "கால்சியம் மூணு. பாஸ்பேட் ரெண்டு."

தெரியும் என்பதைக் காட்டிவிட்டோம் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. கையைத் தூக்கி வாயருகே கொண்டுபோனவள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதுபோல் மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"நீ பிள்ளைங்களுக்குக் கூடத்துல உக்காந்து கத்து கத்துன்னு கத்தற. மூணு வருஷமா அடுப்புக்கிட்ட நின்னு கேட்டுட்டுத்தான இருக்கேன்."

"அப்ப அந்த ரெண்டு பரிச்சை?"

மேசைவிரிப்பின் ஓரத்தை மறுபடி நேராக இழுத்துவிட்டாள்.

"என்ன முட்டாளாக்கிட்டீங்களே அக்கா. வேல முடிஞ்சு வந்து, நிக்க முடியாம கால் வலிக்க, உங்களுக்குன்னு உக்காந்து இத்தன நாள் சொல்லிக் குடுத்தேனே. எனக்கு வேற வேல இல்லையா? நான் என்ன ஒப்புக்கு உக்காந்திருந்தேனா?" குரல் உயர்ந்துவிட்டது. அறைக்குள் இவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. வெளியே வருவார் என்று பார்த்தேன். வரவில்லை.

"நாங்க இருந்த வரிசையில பம்பு ஓடிட்டே இருக்கும்" என்றாள் நாத்தனார். எனக்குப் பதில் சொல்கிற மாதிரி இல்லை. "காதுல விழவே விழாது, பழகிடும். நின்னாதான் முழிப்பு வரும். தூக்கத்துல சட்டுன்னு ஊரே நின்னுட்ட மாதிரி இருக்கும். அவர் எந்திரிச்சு டார்ச்ச எடுத்துட்டுப் போவாரு. மறுபடி ஓட ஆரம்பிச்சதும் நான் தூங்கிடுவேன். அவர் திரும்பி வந்து படுத்ததுகூடத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "அதே வரிசையிலதான் வீடு குடுப்பாங்களாம். நின்னுச்சுன்னா நான் யாரப் பாத்துட்டுப் படுத்திருக்கறது?"

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று இன்னும் கோபம் வந்தது. இவ்வளவு நாள் கழித்து, நாளைக்குப் பரீட்சை என்கிற நேரத்தில், இப்படி ஒன்றைச் சொன்னால் நான் என்னதான் செய்வது?

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?" என்றாள். இப்போது என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "போகச் சொல்லேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த, போங்கன்னு சொன்னா போயிடப் போறேன். தம்பியும் சொல்ல மாட்டான், நீயும் சொல்ல மாட்ட. ரெண்டு பேரும் சேந்து என்னப் படிக்க வைக்கிறீங்க."

அறைக்குள் நாற்காலி ஒரு தடவை நகர்ந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

இரண்டு வார்த்தைகள் என் வாயில் இருந்தன. 'இருங்க' என்று ஒன்று, 'போங்க' என்று ஒன்று. எதைச் சொன்னாலும் அவள் கேட்டிருப்பாள், அதுதான் கஷ்டமே. 'இருங்க' என்று சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தேன். மகளின் அறை, கட்டில்மேல் பரப்பி வைத்த விடைத்தாள்கள், நான் மடிக்க அவள் பிரித்து மடிக்கிற துணிகள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. 'போங்க' என்று சொல்லலாம் என்றால், பம்பு நின்றுபோன வீட்டில் இவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பது தெரிந்தது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் அடக்குகிறவள், ஒரு சொல் சொல்ல வக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தேன். பேனாவை அவள் பக்கம் தள்ளினேன்.

"அலுமினியம் சல்பேட்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்பதுபோல் ஒரு தடவை தலையாட்டினாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினாள். Al₂(SO₄)₃. அடைப்புக்குறி இருந்தது, இரண்டும் மூன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. தண்ணீரைத் தெளியவைக்க அங்கே முதலில் போடுவது அதுதான்.

"ஃபெரிக் குளோரைடு."

FeCl₃.

"கால்சியம் ஹைட்ராக்சைடு."

Ca(OH)₂.

தடுத்து நிறுத்த வேண்டும் என்று இருந்தது. நிறுத்தினால் பேச வேண்டுமே என்று அடுத்ததைக் கேட்டேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட், சோடியம் கார்பனேட், அம்மோனியம் சல்பேட் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். நான் பேரை முடிப்பதற்குள் அவள் பாதி எழுதியிருந்தாள். ஒரு இடத்தில்கூடக் கை தயங்கவில்லை. எழுத்து சின்னதாக, வரிசை பிசகாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போனது. என் மாணவர்களில் ஒருத்தர்கூட எனக்கு இப்படி எழுதிக் காட்டியதில்லை.

பலகையில் இடம் தீர்ந்துவிட்டது. துணி என் பக்கம் இருந்தது. அதைக் கேட்காமல், வெறும் உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் அழித்தாள். கை மணிக்கட்டுவரை கறுத்துப்போயிற்று. அந்தக் கையிலேயே பேனாவைப் பிடித்துக்கொண்டு, பலகையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அடுத்தது" என்றாள்.