பதினோராயிரம் புத்தகங்களுக்குக் காலை மஸ்டர்

மூணாறு பஜாரில் சுவக்கீனிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால், "பதினோராயிரம் புஸ்தகம் இருக்கு" என்று பதில் வரும். புத்தகம் இருக்கிற ஆளுக்குச் சௌக்கியத்தில் என்ன குறை என்பது அவர் கட்சி. அத்தனையும் மின்புத்தகம் படிக்கிற கையகல ரீடர் ஒன்றில் அடங்கியிருந்தது. அதைத் தோல் உறையில் போட்டு, துரை பங்களாவுக்கு ஃபைல் கொண்டுபோகிற பாவனையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டீக்கடைக்கு வருவார். யார் முன்னாலும் திறக்க மாட்டார்.

எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். கம்பெனி அவரை விட்டதே தவிர, அவர் நிர்வாகத்தை விடவில்லை. என்ன செய்ய, வீட்டில் நிர்வகிக்க ஆள் பற்றவில்லை. மனைவி ஒருத்திதான், அவளும் சொன்னபடி கேட்கிற ரகமில்லை.

ரீடரை வாங்கி அனுப்பியவன் கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ஷைஜு. அனுப்பியது அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு. மதலேனம்மாள் எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். மாதா கோயிலில் ஞாயிறு பூசையின் பைபிள் வாசகம் வெகுகாலமாக அவள் குரல்தான். சர்க்கரை கண்ணில் கைவைத்த பிறகு, தவக்காலத்தில் ஒரு நாள் வாசகத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டாள். மறுவாரம் உபதேசியார், "அக்கா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அன்பாகச் சொல்லி முறையை வேறொருத்திக்குக் கொடுத்தார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. ரீடரில் எழுத்தை நெல்லிக்காய் அளவுக்குப் பெரிதாக்கலாம் என்றதும், அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் எழுந்திருக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் ஷைஜுவின் சிநேகிதன் ஒருவன் வந்து, "சும்மா கிடந்துச்சு அங்கிள்" என்று நகத்தளவு மெமரி கார்டு ஒன்றைக் கொடுத்துப் போனான். அதில்தான் பதினோராயிரமும் இருந்தன. ஒரே குவியலாக.

குவியலைப் பார்த்ததும் சுவக்கீனுக்கு ரத்தம் கொதித்தது. கம்ப்யூட்டரில் கார்டைச் செருகி உட்கார்ந்தார். தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான்: எஸ்டேட். கவிதைகளுக்கு மலையுச்சியில் இருக்கிற மேல் டிவிஷன். கவிஞர்கள் குளிர் தாங்குவார்களாம். நாவல்களுக்குக் கீழ் டிவிஷன். மொழிபெயர்ப்புகள் எல்லை தாண்டி வந்தவை என்பதால் போடிமெட்டு டிவிஷன். டிவிஷனுக்குள் ஃபீல்டு, ஃபீல்டுக்குள் லயம், லயத்துக்குள் வீடு. ஒரு புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழெட்டு ஃபோல்டர் கதவைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கு முன்னாலும் தொழிலாளிக்குப் போடுகிற மாதிரி செக்ரோல் நம்பர் போட்டார். அதோடு விட்டாரா? தினமும் காலையில் மஸ்டர். கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு எல்லோரும் ஆஜரா என்று பார்த்து, பிடிக்காத நாலு பேருக்கு டிரான்ஸ்ஃபர் கொடுத்து, நம்பரை மாற்றி, திரும்பவும் ரீடரில் சொருகுவார்.

"இதுல ஒண்ணையாவது படிச்சீங்களா?" என்று மதலேனம்மாள் ஒருமுறை கேட்டாள்.

"ஹெட் கிளார்க் என்னைக்காவது கொழுந்து பறிச்சு நீ பாத்திருக்கியா?"

அவளுக்கு அதுகூடப் பரவாயில்லை. அவள் படித்துக்கொண்டிருந்தது அந்தக் கார்டில் கிடைத்த, உப்பளம் நடத்தும் மூன்று அக்காள் தங்கைகளின் கதை. மூத்தவள் வக்கீல் வீட்டுப் படியேறுகிற கட்டத்தில் விட்டிருந்தாள். மறுநாள் திறந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சோறு வடித்து முடித்தாள், சுற்றியது. மீன் கழுவி முடித்தாள், சுற்றியது. ஒருவழியாக நின்றதும் அக்கா தங்கைகளைக் காணோம். தேடிப் பிடித்துத் திறந்தால், மூன்று பேரும் முதல் பக்கத்தில் சிறுபிள்ளைகளாகப் பாவாடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, நான் பாதிக்கு மேல படிச்சது எங்க?"

"அவங்களை ஏழாம் நம்பர் ஃபீல்டுக்கு மாத்திட்டேன். அங்க நாவல் கம்மி."

இதே கதை நாள்தோறும். சிறுபிள்ளைகளின் பாவாடை அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஷைஜுவுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, கார்டைச் சொருகுனதும் மெஷின் ஒவ்வொரு புஸ்தகமா தொறந்து, பேரு என்ன, அட்டை என்னன்னு எழுதி வைக்கும். அப்பா பேரை மாத்திட்டா, அது புதுசா வந்த ஆளுன்னு நெனைச்சுக்கிடும். பழைய ஆளோட நீங்க படிச்ச பக்கமும் போயிரும்."

"அப்ப கண்ணு கோளாறு இல்லியே? மெஷினும் மந்தம் இல்லியே?"

"மெஷின் நல்ல மெஷின்மா. அப்பாதான் அதைத் தூங்க விடல."

"எனக்குப் புரிஞ்சு போச்சுடா. பிள்ளைக்காம்பராவுல அழுகுற பிள்ளையத் தூக்கணும். எல்லாப் பிள்ளையையும் எழுப்பி உன் பேரென்ன, உன் பேரென்னன்னு கேட்டுக்கிட்டிருந்தா அந்த வீடு விளங்குமா?"

அந்த வாரம்தான் வாயனசாலை என்று ஊர் சொல்லும் நூலகத்தின் செக்ரட்டரி ரமேஷ்குமார் வந்தார். வாசிப்பு வாரக் கூட்டம். உத்காடனம் பண்ணித் தொடங்கிவைக்கக் கோயில் பங்குச்சாமி வருகிறார். சுவக்கீன் சார் டிஜிட்டல் நூலகம் பற்றிப் பேச வேண்டும்; அம்மா அதே மெஷினில் ஒரு அத்தியாயம் வாசிக்க வேண்டும்.

"அவ வாசிப்பா" என்றார் சுவக்கீன், அவள் வாய் திறப்பதற்கு முன்னால்.

ரமேஷ்குமார் போனதும் மதலேனம்மாள் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "இந்தா பாருங்க. அங்க சாமி முன்னால அந்த வட்டம் சுத்துச்சுன்னா, மெஷின் நின்னு போச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. மதலேனாவுக்குக் கண்ணு போச்சுன்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் எனக்கு வாசகம் இந்த ஜென்மத்துல கிடையாது. அன்னைக்கு ஒரு நாளைக்குக் கார்டைக் கழட்டி வைங்க."

"கழட்டிட்டு? பதினோராயிரம்னு நோட்டீஸ் அடிக்கப்போறாங்க. ஒத்தப் புஸ்தகத்தோட போய் நிக்கச் சொல்றியா? நிர்வாகத்துல கைவைக்காத மதலேனா."

மதலேனம்மாள் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டாள். கேட்டாயிற்று, இல்லை என்றாயிற்று, இனி செய்ய வேண்டியதுதான் பாக்கி.

கூட்டத்தன்று விசேஷ மஸ்டர் முடித்துவிட்டு அவர் குளிக்கப் போனார். ஷைஜு போனில் சொல்லச் சொல்ல, அவள் உப்பளத்துக் கதையை மட்டும் ரீடரின் சொந்த நினைவுக்குள் ஏற்றினாள். கார்டை நகத்தால் நெம்பி எடுத்துக் காகிதத்தில் மடித்தாள். தேய்த்து வைத்திருந்த அவருடைய வெள்ளைச் சட்டையின் பையில் போட்டுப் பித்தானை மாட்டினாள். பிறகு கதையைத் திறந்தாள். அவள் 'ஏசுவே' என்று சொல்லி முடிப்பதற்குள் முதல் பக்கம் வந்தது. பாவாடைப் பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை தாண்டி, வக்கீல் வீட்டுப் படியில் கொண்டுபோய் நிறுத்தினாள். மூடித் திறந்து பார்த்தாள். மூத்தவள் படியிலேயே நின்றாள்.

வாயனசாலையில் மழைக்குப் பயந்து ஒதுங்கியவர்களையும் சேர்த்து நல்ல கூட்டம். சுவக்கீன் மைக்கைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார். அறிவு என்பது ஒழுங்கு என்றார். ஒழுங்கு என்பது நிர்வாகம் என்றார். நிர்வாகம் என்பது யார் என்று அவர் சொல்லவில்லை. நெஞ்சில் கை மட்டும் வைத்துக்கொண்டார். கை வைத்த இடத்துக்கு நேர் அடியில் பதினோராயிரமும் இருந்தன.

"சார், கொஞ்சம் தொறந்து காட்டுங்க" என்றார் ரமேஷ்குமார்.

தோல் உறை முதல் முறையாகப் பொதுமக்கள் முன்னால் திறந்தது. திரையில் ஒரே ஒரு புத்தகத்தின் அட்டை. சுவக்கீன் முகத்தில் மஸ்டருக்கு எஸ்டேட்டே வராமல் போன திகில். வலது பக்கம் தள்ளினார், யாரும் இல்லை. இடது பக்கம் தள்ளினார், யாரும் இல்லை. முன்வரிசையைப் பார்த்தார். மதலேனம்மாள் மடியில் கைகோத்து, யாருக்கோ திருமணம் நடப்பது போல் உட்கார்ந்திருந்தாள்.

ஹெட் கிளார்க் ஒரு தரம் இருமினார். "சபையின் நேரத்தை உத்தேசித்து, இன்றைக்குத் தேவைப்படும் ஒருவரை மட்டும் ஆஜராகச் சொல்லியிருக்கிறேன்." அட்டையைத் தொட்டார். விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. அவரே கொஞ்சம் பின்வாங்கினார்.

"அடேயப்பா, பதினோராயிரத்துல இருந்து இந்த வேகத்துலயா!" என்றார் பங்குச்சாமி. கைதட்டல் எழுந்தது.

"எல்லாம் அடுக்குறதுலதான் இருக்கு சாமி" என்றார் சுவக்கீன்.

அது உண்மைதான் என்பதால் மதலேனம்மாளும் கைதட்டினாள். பிறகு மேடையேறி வாசித்தாள். வக்கீல் வீட்டுப் படியில் நின்ற மூத்தவள் உள்ளே போனாள், தங்கைகளின் பங்கைக் கேட்டாள், வாங்காமல் திரும்ப மாட்டேன் என்றாள். ஒரு வரியும் விழுங்கப்படவில்லை. பின்வரிசையில் குடை மடக்கிக்கொண்டிருந்தவர்களும் குடையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

இறங்கியதும் பங்குச்சாமி வந்தார். "கண்ணு தேவலையா அம்மா?"

"எழுத்து பெருசா இருந்தாப் போதும் சாமி."

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை முதல் வாசகம் நீங்கதான். இந்த மெஷினோடயே வாங்க. உபதேசியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சுவக்கீன் நடுவில் நுழைந்தார். "சாமி, அதுக்குள்ள பைபிளை நான் டிவிஷன் டிவிஷனாப் பிரிச்சு, அதிகாரத்துக்கு நம்பர் போட்டு..."

"அது முன்னாலயே பிரிச்சு நம்பர் போட்டுத்தான் இருக்கு சுவக்கீன்" என்றார் சாமி.

ஜீப்பில் வீடு திரும்பும்போது சுவக்கீன் மனைவியின் பக்கம் சாய்ந்தார். மெதுவாக, "அவங்கள்லாம் எங்க?" என்றார்.

"உங்க பையிலதான். ஒருத்தரும் லீவு இல்ல."

அவர் பித்தானைக் கழற்றித் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார்.

"நாளையில இருந்து கம்ப்யூட்டர்லயே வச்சு மஸ்டர் எடுங்க. உங்க எஸ்டேட் உங்களுக்கு. இது எனக்கு" என்று அவள் ரீடரைத் தன் பைக்குள் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மதலேனம்மாள் வாசக மேடைக்கு ஏறி ரீடரைத் திறந்தாள். சனங்கள் இருமி அடங்குவதற்கு முன்பே பக்கம் தயாராக இருந்தது. அவள்தான் அவர்களுக்காகக் காத்திருந்தாள். இரண்டாம் பெஞ்சில் சுவக்கீன், வேலைக்கு ஆள் அனுப்பியவர் போல் தலையை ஆட்டி அனுமதி கொடுத்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினாள்.