மூன்றாவது பாட்டுக்கு ஒரு குரவை

மருதமுனையில் கணிதம் படிப்பிக்கும் கமீலா ஐந்து வருடமாகக் கிட்டாரில் எட்டுப் பாட்டுச் செய்திருந்தாள். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருந்ததால் அல்பத்துக்கு 'உப்புக்கம்பி' என்று பெயர் வைத்தாள். அவளோடு படிப்பிக்கும் காரைதீவு மேனுஜா தபேலா வாசித்தாள். ஏழு பாட்டு ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் மட்டும், கிட்டார் உச்சத்துக்கு ஏறும் இடத்தில், பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் கலியாண வீட்டுக் குரவை வேண்டும் என்று கமீலாவுக்குத் தோன்றிவிட்டது. குரவை போட அவளுடைய மாமி உம்முவை விட்டால் ஊரில் ஆள் இல்லை.

உம்மு மாட்டேன் என்று சொல்லவில்லை. கமீலா வீட்டில் வைத்திருந்த மைக்கைச் சுற்றிப் பார்த்தாள்.

"மாப்புள இல்லாம எப்பிடிப் புள்ள குரவ போடுற?"

வெறும் சுவரைப் பார்த்தால் தொண்டை திறக்காதாம்.

ஆகவே உம்முவின் மகன், கமீலாவின் கணவன் ஸஜாத் மாப்பிள்ளையானான். வெள்ளிக்கிழமை அசறுத் தொழுகைக்குப் பிறகு, பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கலியாண உடுப்பில், பொத்தான் பூட்ட முடியாமல், கதிரையில் வந்து இருந்தான். கமீலா வாசிக்கத் தொடங்கினாள், மேனுஜா தபேலாவில் சேர்ந்தாள். உம்மு மகனைப் பார்த்தாள், குரவை எழும்பியது. கமீலாவுக்கு ஓரிடத்தில் விரல் தப்பியது. அவள் நிறுத்தவில்லை.

குரவை நாலு வீட்டு வளவு தாண்டிக் கேட்டது. எட்டிப் பார்த்த அயல்வீட்டுக்காரி மாப்பிள்ளைக் கோலத்தில் ஸஜாத்தையும், பக்கத்தில் தனக்கு முன்பின் தெரியாத மேனுஜாவையும் கண்டாள். ஸஜாத் இரண்டாம் கலியாணம் முடிக்கிறான் என்ற செய்தி பத்து நிமிடத்தில் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. கமீலாவின் காக்கா, அவளுடைய மூத்த அண்ணன் சீனிமுகம்மது, மோட்டார் சைக்கிளை கேற்றில் மோதி நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஆரு பொண்?"

"நான்தான் காக்கா," என்றாள் கமீலா.

அவர் ஸஜாத்தின் பூட்டாத பொத்தானைப் பார்த்தார். பிறகு கிட்டார் என்னத்துக்கு என்று கேட்டார்.

பதிவை நிறுத்த எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். திருப்பிக் கேட்டபோது, கேற் சத்தத்திலிருந்து காக்காவின் கிட்டார் கேள்வி வரை எதையும் வெட்ட வேண்டாம் என்று மேனுஜா சொன்னாள்.

அல்பம் வெளியானது. மூன்றாவது பாட்டில் வரும் அந்த உரையாடல் மிக ஆழமானது என்று கொழும்பிலிருந்து ஒருவர் இணையத்தில் எழுதினார். சீனிமுகம்மது அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அல்பத்தில் தன் பெயரை ஏன் போடவில்லை என்று தங்கச்சியிடம் கேட்டார். கமீலா அன்றைக்கே உம்முவின் பெயருக்குக் கீழே அதைச் சேர்த்தாள். எந்த வாத்தியம் வாசித்தார் என்று மட்டும் எழுதவில்லை.